புதிதாக வந்த நண்பருடன் பாரிஸில் நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்பதாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதை வழக்கமாக வைத்திருப்பவன் என்பதாலும், "ஊரிலிருந்து நண்பர் வந்திருக்கிறார், எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் அவற்றை அவரவர் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு வந்தவரைவிட, படிக்கவோ வேலை செய்யவோ குடியேறவோ வந்து இறங்கிய நண்பரையே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று நடைகளுக்குப் பிறகு அவர் நம் துணையில்லாமல் வெளியே போகத் துணிய வேண்டும் என்பதே இதிலுள்ள எல்லா யோசனைகளுக்கும் அடிப்படை.

பாரிஸ் எவ்வளவு பெரிய ஊர்! அதை நடந்தே பார்த்துவிட முடியுமா?

பெயர் பெரியதே தவிர ஊர் அவ்வளவு பெரியதன்று. நகராட்சி எல்லைக்குள் இருப்பது 105 சதுர கிலோமீட்டர். கிழக்கிலும் மேற்கிலும் உள்ள இரண்டு பெரிய காடுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைக்கு நேர்கோட்டில் பார்த்தால் 10 கிலோமீட்டர்கூட இல்லை. 1973-இல் முடிக்கப்பட்ட 35 கிலோமீட்டர் வட்டச்சாலை நகரைச் சுற்றி வேலி போட்டதுபோல் ஓடுகிறது. அதற்கு அப்பால் இருப்பவை, நம்மவர்கள் பேச்சு வழக்கில் பாரிஸ் என்றே சொன்னாலும், வேறு நகராட்சிகள்.

மெட்ரோவில் மட்டுமே போய் வருபவருக்கு நகரம் தனித்தனித் தீவுகளாகத்தான் மனத்தில் பதியும். வரைபடத்தில் தொலைவாகத் தெரியும் இரண்டு நிலையங்கள் மேலே வந்து பார்த்தால் ஐந்து நிமிட நடையாக இருப்பது இங்கே மிகவும் சாதாரணம்.

முதல் நாளே ஈபிள் கோபுரத்தைக் காட்டாவிட்டால் வந்தவர் வருத்தப்பட மாட்டாரா?

வருத்தப்படலாம், ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது: தொலைவிலிருந்து காட்டிவிடுங்கள். சேன் ஆற்றுப் பாலங்கள் பலவற்றிலிருந்து அதன் உச்சி தெரியும். கோபுரத்தின் அடியில் முதல் நாளைச் செலவிட்டால் பாதி நேரம் வரிசையிலும் மீதி நேரம் சாவிக்கொத்து விற்பவர்களுக்கு மறுப்புச் சொல்வதிலும் போய்விடும். ஊரைப் பற்றி எதுவும் மனத்தில் நிற்காது. நோத்ர தாம் பேராலயத்திலிருந்து கோபுரம் வரை ஆற்றோரமாக நான்கரை கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால், அதைத் தனி நடையாக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நடைக்கு நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது மூன்று கிலோமீட்டர் வழி. நகராட்சி மாளிகையின் முன்னால் தொடங்கி, பாலத்தைக் கடந்து சித்தே தீவுக்குள் சென்று, நோத்ர தாம் முற்றத்தில் நிற்போம். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றிய ஆலயம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. அந்த முற்றத்தில் பதித்திருக்கும் வெண்கலத் தகடுதான் பாரிஸிலிருந்து கிளம்பும் பிரான்ஸின் நெடுஞ்சாலைத் தொலைவுகளுக்குப் பூஜ்யப் புள்ளி. புதிய வாழ்க்கையைத் தொடங்க வந்தவரை அங்கே நிறுத்தினால் அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை வந்துவிடும். பிறகு பக்கத்திலுள்ள சான் லூயி தீவைச் சுற்றி, தென்கரையில் பழைய புத்தகப் பெட்டிகளைப் பார்த்தபடி மேற்கே நடந்து, போன் நெஃப் பாலத்தை அடைவோம்.

அந்தப் பாலத்தில் கட்டாயம் உட்கார வேண்டும். "புதுப் பாலம்" என்பது அதன் பெயரின் பொருள். ஆனால் 1578-இல் தொடங்கி 1607-இல் முடிக்கப்பட்ட அதுவே இன்று நகரில் நிற்கும் பாலங்களில் பழையது. அதற்கு முந்தைய பாலங்களின் மேல் இருபுறமும் வீடுகள் அடைத்துக்கொண்டிருந்தன. இதன்மேல் வீடு கட்டாமல், குதிரைகளும் சேறும் நடப்பவர்மேல் படாதபடி உயர்த்திய நடைமேடையை அமைத்தார்கள். பாரிஸில் கால்நடையாகப் போகிறவனுக்கு முதலில் மரியாதை செய்த பாலம் என்று இதைச் சொல்லலாம். ஓரங்களில் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கல் திண்ணைகளில் அமர்ந்தால் நேரம் போவதே தெரியாது. எதிரே லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் அன்றைய நடை முடிகிறது.

போனைப் பார்க்காமல் எங்கே நிற்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதியவருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் வட்டாரம் நடுவில் லூவ்ர் பக்கம் தொடங்க, மற்றவை நத்தை ஓட்டின் சுருள்போல வலஞ்சுழியாக வெளியே விரிகின்றன. ஆகவே எண் சிறியதாக இருந்தால் நடுநகர், பெரியதாக இருந்தால் ஓரம். முகவரியின் அஞ்சல் குறியீட்டில் கடைசி இரண்டு இலக்கங்களும் வட்டார எண்தான்: 75010 என்றால் பத்தாம் வட்டாரம். தெருமுனைச் சுவர்களில் நீலப் பின்னணி, பச்சைக் கரை, வெள்ளை எழுத்து என்று பதித்திருக்கும் பெயர்ப்பலகையின் மேற்பகுதியிலும் அதே எண் இருக்கும்.

அடுத்து ஆறு. சேன் நதி கிழக்கே நுழைந்து, வில்போல் வளைந்து, மேற்கே வெளியேறுகிறது. நீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வலக்கரை, அதாவது வடபகுதி. இடக்கைப் பக்கம் இடக்கரை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டு எண்களே திசைகாட்டி ஆகிவிடும். 1805-இல் வகுத்த முறைப்படி, ஆற்றை விட்டு விலகிச் செல்லும் தெருக்களில் 1 என்ற எண் ஆற்றுக்கு அருகில் இருக்கும். ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில் எண்கள் நீரோட்டத்தோடு ஏறும். எண் ஏறும் திசையில் நடந்தால் ஒற்றைப்படை இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். எண்கள் குறைந்துகொண்டே வந்தால் ஆற்றை நெருங்குகிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

என் நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்ன மறுவாரம், போன் மின்னேற்றம் தீர்ந்த நிலையில், வெறும் வீட்டு எண்களைப் பார்த்தே ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்ததாக அவர் பெருமையோடு சொன்னார். எதிர்மாறாகவும் நடக்கும்: ஒரே தெருவில் 12-க்குப் பக்கத்தில் "12 பிஸ்" என்று இன்னொரு கதவு இருக்கும். அதைக் கவனிக்காமல் தவறான கதவில், கதவைத் திறக்கும் எண் குறியீட்டை அழுத்திக்கொண்டு நிற்காதவர் எங்களில் யாருமில்லை.

"சான் துனியில் சந்திப்போம்" என்றால் எந்த இடம்?

இந்தக் கேள்விக்கு என் தலையில் குட்டிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வந்த நண்பருக்கு அப்படி ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, ஸ்ட்ராஸ்பூர் சான் துனி மெட்ரோ வாசலில் நான் காத்திருந்தேன். அவரோ 13-ஆம் எண் மெட்ரோவைப் பிடித்து, நகருக்கு வடக்கே தனி நகராட்சியாக இருக்கும் சான் துனிக்குப் போய், அங்கேயுள்ள பேராலயத்தின் முன்னால் நின்றிருந்தார். அவரிடம் உள்ளூர்த் தொலைபேசி எண் இன்னும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு கடையின் இணையத்தைப் பிடித்து அவர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

அந்தப் பெயரில் குறைந்தது நான்கு இடங்கள் புதியவரைக் குழப்பும். நடுநகரில் உள்ள ஷாத்லே பக்கத்திலிருந்து வடக்கே செல்வது சான் துனி தெரு. அது 1672-இல் பதினான்காம் லூயியின் வெற்றிகளுக்காக எழுப்பிய சான் துனி வாயில் என்ற கல் வளைவில் முடிகிறது. வளைவின் முன்னே குறுக்காக ஓடுவது சான் துனி அகல்சாலை. வளைவைத் தாண்டியதும் அதே தெரு ஃபோபூர் சான் துனி என்று பெயர் மாறி, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி வரை போகிறது. "ஃபோபூர்" என்றால் மதிலுக்கு வெளியே வளர்ந்த புறநகர். பழைய நகரமதில் எங்கே நின்றது என்பதைத் தெருப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. இவற்றைத் தவிர, நான் சொன்ன அந்தத் தனி ஊர். தலை வெட்டப்பட்ட புனித துனி, தன் தலையைக் கையில் ஏந்தியபடி மோன்மார்த் குன்றிலிருந்து அந்த ஊர்வரை நடந்தார் என்பது ஐதீகம். அவராவது சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே புதியவருக்குச் சந்திப்பிடம் சொல்லும்போது மெட்ரோ நிலையத்தின் பெயர், வழித்தட எண், வெளியேறும் வாயில் எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். பெரிய நிலையங்களில் ஒரு வாயிலுக்கும் இன்னொன்றுக்கும் இடையே ஒரு முழுத் தெரு இருக்கும்.

சாலையைக் கடப்பதில் தனியாகச் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் சாலையில் இறங்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்பது பிறவிப் பழக்கம்போல் ஊறியிருக்கும். இங்கே வண்டிகள் வலப்புறமாகச் செல்வதால் முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். முதல் சில நாள்கள் நண்பரின் இடப்பக்கத்தில் நீங்கள் நடங்கள்.

மிதிவண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். ஒருவழித் தெருவாக இருந்தாலும் பல இடங்களில் மிதிவண்டிக்கு எதிர்த்திசையில் வர அனுமதி உண்டு. ரிவோலி தெரு போன்றவற்றில் அவை சத்தமே இல்லாமல் கூட்டமாக வரும். எந்தத் தெருவானாலும் இருபுறமும் பார்ப்பதே சரி.

தாகம் எடுத்தால், அவசரம் என்றால் என்ன செய்வது?

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. காலிப் புட்டி ஒன்று போதும். கரும்பச்சை நிறத்தில், நான்கு பெண்ணுருவங்கள் ஒரு கூரையைத் தாங்கி நிற்பதுபோன்ற இரும்பு நீரூற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை அலங்காரம் என்று நினைத்துப் படமெடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். பிரஷ்யாவுடனான 1870–71 போரிலும் முற்றுகையிலும் நகரம் குடிநீருக்குத் தவித்ததைக் கண்ட ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் செலவில் 1872 முதல் நிறுவச் செய்தவை அவை. நடுவில் நூலாக விழும் நீர் குடிநீர்தான். குளிர்காலத்தில் உறைந்துவிடாமலிருக்க அவற்றை மூடிவிடுவார்கள். உணவகத்தில் சாப்பிடும்போது "காராஃப் தோ" என்று கேட்டால் குழாய்நீர் இலவசமாக வரும்.

நடைபாதையில் நிற்கும் சாம்பல்நிறப் பொதுக் கழிப்பறைகளும் இலவசமே. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவிக்கொள்ளும். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உடனே நுழைய முயலாமல் பச்சை விளக்கு எரியும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில் காபிக்கடை ஒன்றில் நின்றபடி ஒரு காபி குடிப்பது எளிது. மேசையில் அமர்ந்தால் விலை கூடும்.

கடையில் ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களே, இது நிறவெறியா?

சில நேரங்களில் அப்படியும் இருக்கக்கூடும். இல்லையென்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெரும்பாலான சமயங்களில் காரணம் "போன்ழூர்" என்ற ஒற்றைச் சொல் விடுபட்டதுதான். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. நம் ஊரில் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினால் போதும். இங்கே வாய் திறந்து சொல்ல வேண்டும், கிளம்பும்போதும் விடைபெற வேண்டும்.

இதைப் பழக்க நல்ல இடம் ரொட்டிக்கடை. வழியில் முதல் ரொட்டியை நண்பரே வாங்கட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். சூடான ரொட்டியின் முனையைக் கிள்ளித் தின்றபடி அவர் வெளியே வரும்போது மொழிப் பயத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பிக்பாக்கெட் பயம் அதிகம் என்கிறார்களே?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். கூட்டமான மெட்ரோ, லூவ்ர் முற்றம், மோன்மார்த் படிகள், ஈபிள் கோபுரச் சுற்றுப்புறம் ஆகியவை அவர்களின் வயல்கள். கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர், கீழே கிடந்து எடுத்ததாக மோதிரம் காட்டுபவர், மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்ட வருபவர் ஆகியோரிடம் நிற்காமல் நடந்துவிடுவதே தற்காப்பு. பதில் சொல்ல நின்றால் போயிற்று.

கடவுச்சீட்டையும் முழுப் பணத்தையும் ஒரே பையில் வைக்க விடாதீர்கள். அதே சமயம் காவலர்கள் வெளிநாட்டவரிடம் ஆவணம் கேட்கலாம் என்பதால் அடையாளச் சான்று ஏதுமில்லாமல் வெளியே வருவதும் சரியன்று. மெட்ரோ பயணச்சீட்டையோ பயண அட்டையையோ வெளியேறும்வரை கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதியவர்கள் முதல் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

கையில் காசு குறைவு. உள்ளே போய்ப் பார்க்க ஏதாவது உண்டா?

தாராளமாக உண்டு. நகராட்சி நடத்தும் அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிக்கு நுழைவு இலவசம். பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, ஓவியங்கள் நிறைந்த பெத்தி பலே ஆகிய இரண்டும் அவற்றில் சேர்ந்தவை. கார்னவாலேயில் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தொங்கவிட்டிருக்கும் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும், தெருவைப் பார்க்கும் கண் மாறிவிடும். இரண்டும் திங்கட்கிழமை மூடியிருக்கும். லூவ்ருக்கு விடுமுறை செவ்வாய். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

எந்த நேரத்தில் கிளம்புவது? மழை வந்தால்?

ஜூன் மாதத்தில் இரவு 10 மணியளவில்தான் சூரியன் மறையும். டிசம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். கோடையில் வந்தவர் சாப்பாட்டு நேரத்தையே மறந்துவிடுவார், குளிர்காலத்தில் வந்தவர் மதியமே சோர்ந்துபோவார். குளிர்காலத்தில் காலை 10 மணிக்குத் தொடங்கி 3 மணிக்குள் முடிப்பதே நல்லது.

மழைக்கு இங்கே கூரைத் தெருக்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கூரை வேய்ந்த பழைய கடைவீதிகள் வலக்கரையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. பனோராமா, ழூஃப்ருவா, வெர்தோ ஆகிய மூன்றும் இடையில் சாலையைக் கடக்கும் சில அடிகள் தவிர ஏறக்குறைய நனையாமல் நடக்கக்கூடியவை. 1823-ஐச் சேர்ந்த விவியென் கடைவீதியின் தரைச் சித்திரக் கல் வேலைப்பாட்டைப் பார்க்க மழை நாளே ஏற்றது. வெயில் நாளில் யாரும் தரையைப் பார்ப்பதில்லை.

வந்திருப்பவருக்கு முழங்கால் வலி. மோன்மார்த் குன்றை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். சாக்ரே கேர் ஆலயத்துக்குப் போகும் நேர்ப்படிகள் 222. அவற்றின் பக்கத்திலேயே இழுவை வண்டி ஓடுகிறது. மாதப் பயண அட்டை அதற்கும் செல்லும். மேலே ஏறிவிட்டால் பின்புறச் சரிவில் மெல்ல இறங்கலாம்.

சமதளமே வேண்டுமென்றால் சான் மார்த்தன் கால்வாய்க்கரை இருக்கிறது. 1825-இல் திறந்த இந்தக் கால்வாயில் படகு ஒன்று மதகுக்குள் நுழைந்து, நீர்மட்டம் ஏறி, அடுத்த கதவு திறக்கும்வரை பார்ப்பதற்கு இருபது நிமிடம் போதாது. உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பது முழங்காலுக்குக் கூடுதல் வசதி. பஸ்தீ சதுக்கத்தருகே தொடங்கும் பழைய ரயில்பாதை மேல் அமைந்த பூங்கா நடைபாதையும் நன்று. ஆனால் ஏறி இறங்கப் படிகள் உண்டு, மின்தூக்கி எல்லா இடத்திலும் இல்லை.

வந்தவுடனே லாச்சப்பலுக்கு அழைத்துச் செல்வது நல்லதா, பிறகா?

இதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நாளே கொண்டுபோய் விட்டால் அவர் அதைத் தாண்டி வெளியே வரமாட்டார் என்பார்கள் சிலர். என் அனுபவம் வேறு. வந்து ஒரு வாரமாக ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக இருந்த ஒருவர், ஃபோபூர் சான் துனி தெருவின் வடகோடியில் தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இடியப்பமும் சொதியும் முன்னால் வந்தபோது பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். பசியும் ஏக்கமும் அடங்கிய பிறகே அவருக்கு ஊரைப் பார்க்கும் பொறுமை வந்தது.

ஆகவே இரண்டாவது நடையில் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் மெட்ரோவில் வேண்டாம். மேலே சொன்ன கல் வளைவிலிருந்து தொடங்கி அதே தெருவில் வடக்கே நடங்கள். துருக்கிக் கடைகள், இந்தியத் துணைக்கண்டத்து உணவகங்கள் நிறைந்த பிராடி கடைவீதி, வடக்கு ரயில் நிலையத்தின் பக்கவாட்டு, பிறகு நம்மவர் நகைக்கடைகளும் மளிகைக் கடைகளும் என்று இரண்டு கிலோமீட்டருக்குள் நகரம் பலமுறை முகம் மாறுவதைக் காணலாம். சற்று அப்பால் 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடியும் நேரத்தில் அதன் தேர்த் திருவிழா அன்று போனால், தெருவில் உடைத்த தேங்காய்கள் குவிந்து கிடப்பதையும், பிரெஞ்சுக்காரர்கள் பலகணிகளில் நின்று பார்ப்பதையும் காணலாம்.

நான் விளக்கிக்கொண்டே வருகிறேன். நண்பரோ படமெடுப்பதிலேயே இருக்கிறார். என்ன செய்வது?

விளக்கத்தைக் குறையுங்கள். வந்த சில நாள்களில் அவர் தலைக்குள் வீட்டு வாடகை, குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள், மாதக் கடைசிக் கணக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். படமும் அவருக்காக மட்டும் எடுப்பதில்லை. வீட்டில் காத்திருக்கும் அம்மாவுக்கு இரவு அனுப்ப வேண்டும். பத்து நிமிடம் நின்று எடுக்க விட்டு, நல்ல இடமாகப் பார்த்து அவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுங்கள்.

எத்தனை நடைக்குப் பிறகு தனியாக விடலாம்?

மூன்றாவது நடையில் அவர் முன்னால் போகட்டும். பஸ்தீயிலிருந்து நோத்ர தாம் என்று ஓர் இலக்கை மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள். தவறான தெருவில் திரும்பினாலும் வாயைத் திறக்க வேண்டாம். வீட்டு எண்ணைப் பார்க்கிறாரா, பெயர்ப்பலகையை அண்ணாந்து படிக்கிறாரா, எதிரே வருபவரிடம் போன்ழூர் சொல்லி வழி கேட்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் ஒரு தாளில் அவர் பையில் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112.

நான் இப்படிப் பின்னால் நடந்த ஒருமுறை, நண்பர் வழியிலுள்ள மரே என்ற பழைய பகுதிக்குள் புகுந்து மூன்று முறை ஒரே தேவாலயத்தின் முன்னால் வந்து நின்றார். நான்காவது முறை வேறு சந்தில் திரும்பியதில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய நகரமதிலின் மிச்சம், பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலின் ஓரத்தில் உயர்ந்து நிற்பதைக் கண்டோம். அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருந்தும் அந்தச் சந்துக்குள் நான் திரும்பியதே இல்லை.